வைத்துக்கொள்வோம்

வ்ரோத்ஸ்வாஃப், 1951.
நிலக்கரிச் சீட்டின் பின்புறம்
செங்குத்தாய் ஒரு கோடு இழுக்கிறாள் லுத்மிவா.
கோட்டுக்கு உள்ளே எதையும் எழுதலாம்,
ஒருவரையும் கேட்க வேண்டாம்.
முதல் வரி:
ஜெனோன் உயிரோடு இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டில் ரயில் வருகிறது.
மூன்றில் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம்,
இடது கால் கொஞ்சம் இழுத்து.
நான்கில் இரண்டாவது கோப்பையைக் கழுவுகிறாள்.
ஓரத்தில் வரிக்கு வரி விதியின் எண்.
பிழை இல்லை, இரண்டு முறை பார்த்துவிட்டாள்.

ஆனால் வைத்துக்கொண்டதைத்
திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.
கோட்டை மூடினால்
ரயில், பூட்ஸ், கோப்பை எல்லாம் உள்ளேயே நின்றுவிடும்.
வெளியே வர உரிமை ஒன்றுக்குத்தான்:
இருந்தால், வருவான்.

மேசையில் செஞ்சிலுவைக் கடிதம்:
'இறந்ததாகப் பதிவு இல்லை.'
பதிவு இல்லை வேறு, இறக்கவில்லை வேறு.
போன செவ்வாய்க்கிழமைதான்
இதே பிழைக்கு ஒரு பையனின்
அரை மதிப்பெண்ணை வெட்டினாள்.

கரிக்கடையில் பாரனெக் சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.
"கணக்கா?"
"ம்."
கீழே கோடு திறந்தே கிடந்தது.
முத்திரையை அந்தப் பக்கமே குத்திவிட்டார்,
நான்காம் வரிமேல்.
கோப்பை முழுக்க ஊதா மை.