மாதக் கடைசி

பனி வழிக்கும் வண்டி தெருவைச் சுரண்டிப் போகும் சத்தத்தில்
கணக்கு நோட்டைத் திறக்கிறேன்.
டுலூத் நகரத்தில் விடிகாலை மணி நாலரை.
ஏரி இன்னும் உறையவில்லை.
உறைந்தால் ஹீட்டர் பில் பேச ஆரம்பிக்கும்.

சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.
பிடித்தம் போக ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.
முதலில் வாடகை வாயைத் திறக்கும்.
பிறகு குழந்தைகள் காப்பகம்.
பிறகு, கைஸா படித்த படிப்பு.
மூன்று லட்சம் டாலர்;
நாங்கள் கட்டக் கட்ட அது வளர்கிறது.
எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் என்றுதான் ஊருக்குத் தெரியும்.
மூன்றாவது இது.
ஒரு மாதமும் எடை குறைந்ததில்லை.

ஒருநாள் விளையாட்டாய் வகுத்துப் பார்த்தேன்,
அவள் சம்பளத்தை அவள் மணிகளால்.
வாரத்துக்கு எண்பது. எழுதாத மணிகள் தனி.
பள்ளிப் பேருந்து ஓட்டும் எனக்கு
மணிக்கு நாலு டாலர் கூட.
அவளிடம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்,
சிரித்து முடிப்பதற்குள் தூங்கியிருப்பாள்.

எதிர்வீட்டு எல்டன் போன வாரம் கேட்டார்:
"டாக்டர் வீடாச்சே, படகு எப்போது வாங்குகிறீர்கள்?"
நானும் சிரித்து வைத்தேன்.

மாதக் கடைசி நாள் எங்களுக்குப் பண்டிகை.
மருத்துவமனை தரும் சாப்பாட்டு அட்டையில்
மிச்சமிருப்பது நள்ளிரவோடு செத்துப்போகும்.
சாப்பிட நேரம் கிடைக்காதவளின் அட்டையில்
மிச்சத்துக்கு என்ன குறைச்சல்?
நேற்றும் இரண்டு பைகளோடு வந்தாள்:
அவித்த முட்டை, தயிர்க் கிண்ணங்கள், வாழைப்பழம் பதினொன்று,
யாரும் சீந்தாத பீட்ரூட் சாலட்.
எழுந்ததும் ஈனோ முட்டைகளை அணிவகுக்க வைப்பான்.
பிர்கித்தா தயிர் மூடியை நக்குவாள்.
அம்மா சமைத்தது என்பார்கள்.
அம்மா திருத்துவதில்லை.

எல்லாம் போக மீதி என்று கடைசியில் ஒரு வரி.
படித்தவர்கள் அதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்;
இஷ்டம்போல் செலவழிக்கலாம் என்று அர்த்தமாம்.
இந்த மாதம் நாற்பத்து மூன்று டாலர்.
இஷ்டங்களை வரிசையில் நிற்கச் சொன்னேன்:
ஈனோவுக்குப் பனிச்சறுக்குக் காலணி, பழையதானாலும்.
என் கடைவாய்ப் பல்.
பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு
நாங்கள் இருவரும் விழித்திருக்கும் ஒரு சாயங்காலம்.
பல்லைவிட அதுதான் விலை அதிகம்.

ஆனால் நாற்பத்து மூன்று இல்லை.
ஏழு இருக்கிறது.

ரசீதுகளை மேசையில் கொட்டுகிறேன்.
வாகன நிறுத்தம், பன்னிரண்டு.
வாகன நிறுத்தம், பன்னிரண்டு.
இன்னொன்று, அதுவும் பன்னிரண்டு.
கைஸாவுக்கு ஊழியர் நிறுத்தத்தில் காசு கிடையாது.
கணக்குப் பார்ப்பவன் எதையும் நினைத்துப் பார்ப்பான்.
நானும் ஒரு நிமிடம் நினைத்தேன்.

ஐந்து மணிக்கு எழுந்து வந்தாள்,
ஒரு கண் மட்டும் திறந்திருந்தது.
ரசீதுகளைப் பார்த்தாள்.
"ஆறாவது மாடியில் ஒரு சின்னப் பெண்," என்றாள்
காலுறை ஜோடி தேடியபடி.
"அப்பா ஹிப்பிங்கிலிருந்து தினமும் வருகிறார்.
ஐம்பதாவது நிமிடம் எழுந்து போய்விடுவார்.
முரட்டு மனிதர் என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள்.
முதல் ஒரு மணி நேரம்தான் இலவசம், ஒரின்."

பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
வேறு வேறு நிறத்தில் காலுறை போட்டுக்கொண்டு
இருட்டில் இறங்கிப் போனாள்.

பேனா அந்த மூன்று ரசீதுகள் மேல் நிற்கிறது.
தர்மம் என்று எழுதினால் கோபித்துக்கொள்வாள்.
மருந்து என்று எழுதினால் பொய்.
சும்மா விட்டால்
முப்பத்தாறு டாலர் உதைக்கிறது.

உதைக்கட்டும்.

நோட்டை மூடுகிறேன். பல் வலிக்கிறது, எனக்கு அதில் கோபம்தான்.
பேருந்து இன்ஜின் சூடாக இருபது நிமிடம் ஆகும்.
ஒரு முட்டையை உரித்து
உப்பில்லாமல், மற்றப் பக்கத்துப் பல்லால்
மெல்லுகிறேன்.