விளங்குதோ

பாசையூர் இறங்குதுறைக்குப் பின்னால்
நண்டுச் சதை பிரிக்கிற தொழிற்சாலை.
காலை ஐந்தே முக்காலுக்கு
இருபத்தாறு சோடி வெள்ளைச் சப்பாத்துகள்
ஈரச் சீமெந்தில் வரிசையாய் நிற்க,
நான் கதைப்பேன்.

நல்லாய்க் கதைப்பேன் என்றுதான் நம்பியிருந்தேன்.
பள்ளிக்கூட விவாத மேடையில் வாங்கிய கிண்ணம்
இன்னும் வீட்டு அலுமாரியில் இருக்கிறது,
உள்ளே ஊசியும் பொத்தானும்.

நிறை, நேரம், குளிரறையின் பாகை,
கொழும்புக்குப் போகிற லொறி
எல்லாம் சொல்லி முடித்து
கடைசியாய் ஒன்று,
ஆணித் தலையில் இறங்கும் சுத்தியல் மாதிரி:
"விளங்குதோ?"

ஓம் என்பார்கள்.
இருபத்தாறு வாயும் ஒரே வாயாய்
ஓம்.
கேட்க என்ன வடிவு.

நண்டை நிறுப்பேன்.
ஐஸை நிறுப்பேன்.
ஐந்து கிராம் பிசகினால் தராசை மாற்றுவேன்.
அந்த ஒரு சொல்லைத்தான்
ஒரு நாளும் தட்டில் வைத்துப் பார்த்ததில்லை.

ஆவணியில் ஒரு செவ்வாய்.
இரண்டாம் குளிரறைக்குள்
முன்னூற்றுப் பன்னிரண்டு கிலோ
மணக்கத் தொடங்கியிருந்தது.
கதவு றப்பர் கிழிந்து ஒன்பது நாளாம்.
காவல்காரனுக்குத் தெரியும்.
லொறிச் சாரதிக்குத் தெரியும்.

எமில்டாவைக் கூப்பிட்டேன்.
கையுறை கழற்றாமலே வந்து நின்றாள்.
"சொன்னனான் சேர்.
நீங்கள் போனில நிண்டனீங்கள்.
ஓம் ஓம் எண்டு தலையாட்டினனீங்கள்."

அன்று பின்னேரம் கொழும்பு கதைத்தது.
பதினொரு நிமிடம்.
நட்டம், அறிக்கை, பொறுப்பு, திரும்பவும் நட்டம்.
இடையில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை.
"கிளியர்?" என்றது மறுமுனை.
"ஓம் சேர்" என்றேன்.

வைத்த பிறகு
அந்த ஓம் அறைக்குள்ளேயே நின்றது.
அதற்குள் என்ன இருந்தது?
வையுங்கோ.
பசிக்குது.
பிழை என்னுடையதாகவே இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்து ஹொட்டல் ஒன்றில்
குளிரூட்டிய மண்டபத்தில் இரண்டு நாள்
தொடர்பாடல் படிப்பித்தார்கள் முன்பொரு முறை.
கேள்வி கேட்டால் ஏழு வினாடி பொறுங்கள் என்றார்கள்.
குறித்துக்கொண்டேன்.
மதியம் இறால் நன்றாக இருந்தது.

மறுநாள் காலை, அதே ஈரச் சீமெந்து.
வழக்கமான சொல் வாய்வரை வந்தது, விழுங்கினேன்.
"ஒன்பது நாளாய் ஒருத்தரும் திரும்பச் சொல்லேல்லை.
அதுக்கு நான் என்ன செய்து வைச்சிருக்கிறன்?"

ஏழு வினாடி.
பதினைந்து.
ஐஸ் நொறுக்குகிற மெசின் மட்டும் பதில் சொன்னது.
கோயில் மணி ஆறடித்து ஓய்ந்தது.
யாரோ சப்பாத்தால் தரையைத் தேய்த்தார்கள்.
நானே பதிலையும் சொல்லிவிட்டால் என்ன என்று
நாக்குத் துடித்தது.

பின் வரிசையில் டெல்சியா கையைத் தூக்கினாள்,
வகுப்பில் தூக்குவது போல், பாதி.
"சேர், கோவிக்கக் கூடாது.
இந்த மெசின் சத்தத்துக்க
எங்களுக்கு ஒண்டும் கேக்கிறேல்லை.
முன்னுக்கு நிக்கிறவை ஓம் எண்டா
நாங்களும் ஓம்."

முதலில் ஒருத்தி சிரித்தாள்.
பிறகு சுவரெல்லாம் சிரித்தது.
இரண்டு வருடமாய்
ஐஸ் மெசினுக்கு நான்
தலைமைத்துவம் நடத்தியிருக்கிறேன்.

இப்போது காலையில் நாலு நிமிடம்
மெசினை நிறுத்துகிறோம்.
தராசுக்குப் பக்கத்தில் வட்டமாய் நிற்கிறோம்.
உற்பத்தி வரைபடத்தில் அந்தப் பள்ளம் ஏன் என்று
கொழும்பு கேட்கிறது.
விளங்கப்படுத்தினேன், இரண்டு தரம்.
ஓம் ஓம் என்றார்கள்.
பயமாய் இருக்கிறது.

நான் திருந்தியதாய் எழுதவில்லை.
நேற்றும் லொறி பிந்திய அவதியில்
வாய் தவறிவிட்டது: "விளங்குதோ?"

"இல்லை" என்றாள் டெல்சியா.

எமில்டா குனிந்து சப்பாத்தைப் பார்த்தாள்.
நான் தாளைத் திருப்பி
மூன்றாம் வரியிலிருந்து
மெல்ல
வாசிக்கத் தொடங்கினேன்.