உண்ணாத

வால்டிவியாவில் ஒன்பதாவது நாளாக மழை.
மருத்துவமனையின் அடித்தளத்தில்
மேலிருந்து இறங்கும் தட்டு வண்டிகளுக்காக
ரப்பர் பூட்ஸோடு நிற்கிறாள் யஸ்னா ஒயார்சூன்.

தராசு புதிது.
கூடவே ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா.
மாடி, வேளை, பண்டம், கிராம்.
ஏன் என்று எழுத அதில் கட்டமில்லை.

முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள்.
"எச்சிலுக்கொரு கணக்குப்பிள்ளை" என்றான்
பாத்திரம் கழுவும் நிபால்தோ.
அவளும் சிரித்தாள். எழுதினாள்.

பிரசவ வார்டு தட்டை வழித்து அனுப்புகிறது.
எலும்பு முறிவிலிருந்து ரொட்டியின் ஓரம் மட்டும்.
குழந்தைகள் பீட்ரூட்டைத் தொடுவதேயில்லை,
எப்போதாவது ஒரு துண்டில் பல் பதிந்திருக்கும்.
யாரோ ஒரு தைரியசாலி.

நான்காம் மாடியிலிருந்து
பூசணிக் கூழ் மூடியோடு திரும்புகிறது.
ஆப்பிள் மசியல், அலுமினியத் தாள் ஒட்டியபடி.
தயிர், ஒட்டியபடி.
செவ்வாய் பதினொரு கிலோ.
புதன் பன்னிரண்டு.
வியாழன் பன்னிரண்டே கால்.

நம் இலக்கணத்தில் இதற்கு எச்சம் என்று பெயர்.
முடியாமல் நின்றுவிட்ட சொல்.
உண்ணாத
என்றால் அடுத்து ஒரு பெயர் வந்தாக வேண்டும்.
உண்ணாத கூழ் என்று நிரப்பிக்கொண்டது நோட்டு.
அந்த இடம் கூழுக்கு உரியதுதானா
என்பது தராசுக்குத் தெரியாது.

சமையல் மேலாளர் அர்னோல்தோவுக்குத் தெரிந்திருந்தது.
"நான்காம் மாடிக்குப் பசியில்லை.
கரண்டியைப் பாதியாக்குவோம்."
கணக்கு சரிதான்.
பாதிக் கூழ், பாதிக் குப்பை.
சுவரில் ஒட்டும் வரைபடத்தில்
கோடு அழகாகக் கீழே இறங்கும்.

சனிக்கிழமை மதியம்
வண்டி வர இருபது நிமிடம் இருக்கையில்
பூட்ஸைக் கழற்றிவிட்டு
நிபால்தோவின் செருப்பை மாட்டிக்கொண்டு மேலே போனாள்.

ஜன்னலோரப் படுக்கையில் தோன் எலியெசெர் மில்லாகேயோ.
வலை இழுத்தே காய்த்துப்போன விரல்கள்
தாளின் முனையைத் தேடுகின்றன.
தேடுகின்றன.
நகம் வழுக்குகிறது.
யாராவது பார்த்தார்களா என்று பார்க்கிறார்.
தட்டைத் தள்ளிவைத்துவிட்டு
செவிலியிடம் சொல்கிறார்: பசியில்லை.

அடுத்த படுக்கையிலும் அதே சொல்.
அதற்கடுத்ததிலும்.

யஸ்னா எதுவும் கேட்கவில்லை.
கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தபடி
ஒரு முனையை மட்டும் கிளப்பிவிட்டாள்.
மீதியை அவரே உரித்தார்.

அது நடைமுறையாக மூன்று வாரம் ஆனது.
அர்னோல்தோ சுகாதார விதியைக் காட்டினார்,
யாரோ எங்கோ கையெழுத்துப் போட வேண்டியிருந்தது,
அதுவரை எத்தனை கிலோ என்பதும் நோட்டில் இருக்கிறது.
இப்போது வண்டி ஏறுமுன்
நாற்பத்தாறு மூடிக்கும் ஒவ்வொரு முனை,
முணுமுணுத்துக்கொண்டே நிபால்தோ.

நான்காம் மாடி, திங்கள்: மூன்றரை கிலோ.
அது நீல டிரம்முக்கு.
வியாழக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத் தோட்டத்திலிருந்து
வந்து எடுத்துப்போகிறார்கள், உரத்துக்கு.
அங்கேயும் பீட்ரூட்தான் போட்டிருக்கிறார்களாம்.

ஒரு நாள்
ஜன்னலோரப் படுக்கையின் தட்டு
முனை கிளம்பியும் உரிக்காமல் வந்தது.
நூற்றெண்பது கிராம்.
பேனாவை எடுத்தவள் வைத்துவிட்டு
பூட்ஸோடேயே மாடியேறினாள்,
ஈரத் தடம் படியெல்லாம்.

விரிப்பு உருவிய மெத்தை.
"போய்விட்டார்" என்றாள் செவிலி,
தலையணை உறையைக் கடித்துப் பிடித்துக்கொண்டு.
பிறகு உறையை வாயிலிருந்து எடுத்து,
"காலைப் படகில். கோர்ரலுக்கு. மகன் வந்திருந்தான்.
அடுக்களைக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை.
இனிமேல் சொல்ல வேண்டும், எட்டு மணிக்குள்,
அதற்கும் ஒரு கையெழுத்து வேண்டியிருக்கும்.

கீழே வந்து
நோட்டின் ஓரத்தில் பேனாவால் கோடிழுத்து
ஐந்தாவது கட்டம் போட்டாள். தலைப்பு: ஏன்.
அதன் கீழே
முதல் வரி:

வீட்டுக்குப் போய்விட்டார்.