ஒன்றுக்கு ஐம்பது

ஊதுவத்தியைக் கொளுத்தியது நான்தான்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
உபியில், பன்னிரண்டாம் மாடியில்,
வெள்ளி மாலை ஆறே காலுக்கு,
சாம்பல் அட்டையில் செய்த உணவங்காடியின்
பதினேழாம் எண் கடைக்குள்,
தேக்காவில் வாங்கிய மல்லிகைக் குச்சி ஒன்று.

திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
காற்று நீல அம்புகளாய் வந்து
காட்டிய வழியில் போய்
ஒழுங்காக வெளியேறியது.
யாருக்கும் வியர்க்கவில்லை.
சிரித்தபடி நடக்கும் அந்தப் பெண்ணை
இதற்கு முன் மூன்று கட்டடங்களில் பார்த்திருக்கிறேன்,
அதே மஞ்சள் பையோடு.

அட்டை வேறு மாதிரி.
ஒவ்வொரு முக்காலிக்கும் துளைப்பானில் ஓர் அடி.
நானூற்றுப் பதினாறு அடி.
இருநூறு தாண்டும்போது தெரிந்துவிட்டது,
மேசைக்கும் தூணுக்கும் நடுவே
தட்டு ஏந்திய ஒருவர் போகலாம்,
எதிரே ஒருவர் வர முடியாது.
வரைபடத்தில் அந்த இடத்தில் ஓர் எண் இருந்தது.
நல்ல எண்தான்.
என் கட்டைவிரல் நுழையவில்லை.

“கட்டடத்தை ஐம்பதில் ஒன்றாய்ச் சுருக்கலாம்,
காற்றைச் சுருக்க முடியாது” என்றார் குவெக்.
உண்மை. அவர் படித்த படிப்பு அது.
தலையாட்டிக்கொண்டே தீப்பெட்டியைத் தேடினேன்.

புகை எழுந்தது.
கூரையின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டு நகர்ந்து,
அதற்கென்றே நாங்கள் விட்டிருந்த இடைவெளியை
எட்டிக்கூடப் பார்க்காமல்
திரும்பி வந்து
மேசையில் ஒட்டியிருந்தவர்கள் மேல் உட்கார்ந்தது.
மூன்றரை சென்டிமீட்டர் ஆட்கள்.
முகம் கிடையாது.
இருந்தும் இருமுவார்கள் போலிருந்தது.

அதற்குள் என் தலைக்கு மேலிருந்த கருவி
தன் வேலையைச் செய்தது.

உடைமைகளை விட்டுவிட்டு வெளியேறவும், என்றது ஒலிபெருக்கி.
திங்கள் காலை ஒன்பதுக்குக் கூட்டம்.
ஹஃபீசா ஒரு முனை, நான் ஒரு முனை.
மின்தூக்கிகள் நின்றுவிட்டன.
ஒவ்வொரு திருப்பத்திலும் சாய்த்தோம்,
நிமிர்த்தினோம், சுவரில் உரசினோம்,
இருபத்திரண்டு திருப்பம்.
குச்சியை அணைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
எட்டாம் மாடியில் முன்னால் போனவர் திரும்பி
“யார் சாமி கும்பிடுவது?” என்றார்.
ஆறாம் மாடியில் வடக்குப் படிக்கட்டு கழன்று விழுந்தது.
பின்னால் வந்த அச்சகத்துக்காரர்
பத்திரமாய் எடுத்துச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கீழே, கார் நிறுத்துமிடத்தில்,
தீயும் இல்லாமல் வேலையும் இல்லாமல் முந்நூறு பேர்.
லாரி ஒன்றின் பின்பலகையில் இறக்கிவைத்தோம்.
யார் முதலில் குனிந்தது, ஞாபகமில்லை.
பிறகு எல்லோரும் குனிந்தார்கள்,
கண்ணை மேசை உயரத்துக்குக் கொண்டுவந்து,
ஒற்றைக் கண்ணை மூடி.
“கோப்பிக் கடை எது?”
“கழிவறைக்கு இவ்வளவு தூரமா!”
“சாய்மழை அடித்தால் இந்த வரிசை மொத்தமும் நனையும்.”
எட்டு மாதமாகத் திரையில் காட்டிவருகிறோம்.
அதன் முன்னால் ஒருவரும் குனிந்ததில்லை.

அப்போதுதான் பார்த்தேன்,
படிகளில் பட்ட இடியில்
கூரை விரற்கடை அளவு நழுவி
கோணலாய் நின்றது.
பயா லேபார் பக்கமிருந்து வந்த காற்று
(சுருக்காத, முழு அளவுக் காற்று)
உள்ளே புகுந்து,
புகையை அந்தக் கோணல் வழியே
நூல் இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போனது.
ஹஃபீசா கூரையைச் சரிசெய்யக் கை நீட்டினாள்.
அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.
குவெக் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை,
கைப்பேசியில் படம் மட்டும் எடுத்தார்.

குடிமைத் தற்காப்புப் படை இளைஞர் படிவத்தோடு வந்தார்.
“புகை எங்கிருந்து?”
“பதினேழாம் எண் கடை.”
எழுதிக்கொண்டே கேட்டார்:
“என்ன சமைத்தீர்கள்?”

திங்கட்கிழமை,
கோணலை மாற்றாமல் கொண்டுபோனோம்.
கூரையைப் பற்றி நிறையக் கேட்டார்கள்.
மேல்தளத்துக்கு வடக்கிலிருந்து எப்படி ஏறுவது என்று
ஒருவர்கூடக் கேட்கவில்லை.
அந்தப் படிக்கட்டு
இன்னும் ஒரு சட்டைப் பையில் இருக்கிறது,
துவைக்கப் போடாமல் இருந்தால்.