எழுத்துக்குப் பதினெட்டு ரூபாய்

அம்பைக்குக் கிழக்கே, கன்னடியன் கால்வாய்க் கரையில்
எங்கள் பேரூராட்சிக்குத் தை பிறந்தால் புதுக்கட்டடம்.
வாசல் சுவரில் ஒரு கருங்கல்:
முதல் தலைவர் தொடங்கி இன்றுவரை.
பட்டியல் எடுக்கும் வேலை
பில் கலெக்டர் என் தலையில் விழுந்தது.

கல் கொத்தும் குற்றாலிங்கம் கணக்குச் சொன்னார்:
எழுத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
கொம்பும் காலும் தனி எழுத்து.
"புள்ளிக்கு மட்டும் காசு கெடையாது மேடம்.
உளிய வச்சு ஒரு தட்டு, அவ்ளோதான்."

தீர்மானப் புத்தகங்கள்
கரையான் தின்றது போகப் பதினொன்று.
காற்றாடி சுற்றச் சுற்ற
தாள்கள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன,
கோரம் சேராத கூட்டம் போல.

முதலில் திரவியம் பிள்ளை.
வாலை வெட்டச் சொல்லிச் செயல் அலுவலர் உத்தரவு.
எழுபத்திரண்டு ரூபாய் மிச்சம்.

அடுத்து மீராசா. பதினேழு மாதம், மூன்று தெருவிளக்கு.
மூன்றும் அவர் வீட்டுக்குப் போகும் வழியில்.

ஆவுடையம்மாள் இரண்டு வருடம் ரேகை வைத்திருக்கிறார்.
மூன்றாம் வருடம் கையெழுத்து.
ஆ மட்டும் ஆளுயரம்,
கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை.
கல்லில் வைத்துவிடலாம். காசில்லை.

பிறகு தேர்தலே நடக்காத வருடங்கள்.
தனி அலுவலர்கள் நான்கு பேர்,
நால்வருக்கும் ஒரே பச்சை மை.
கல்லில் பெயர் போடவில்லை, பதவி மட்டும்.
ஊரில் ஒருவருக்கும் அவர்கள் முகம் நினைவில்லை.
தண்ணீர் மட்டும் நேரத்துக்கு வந்ததாம்.
இதைக் கவுன்சிலர்கள் முன்னால்
யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

மாசானமுத்துவை நான் தாண்டிப் போயிருந்தேன்.
மறுபடி பின்னால் புரட்டினேன்.
அறுபத்தெட்டு, ஆனி மாதக் கூட்டம்.
பொருள் மூன்று: தென்தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய்.
மூன்று கூட்டமாகத் தள்ளிவைத்தது,
அன்று ஏகமனதாக நிறைவேறியது.
பொருள் நான்கு: தலைவர் மீது நம்பிக்கையில்லை.
ஏழுக்கு ஐந்து.
ஏழாவது கையெழுத்து அவருடையது.
பேனா எங்கும் தயங்கவில்லை.
நான்கிற்கும் மூன்றிற்கும் நடுவே
இரண்டு விரல் வெற்றுத்தாள்.

மகன் திருப்பூரிலிருந்து வந்தார்.
"எங்கப்பாவ அவனுவ தூக்கிட்டானுவ மேடம்.
சாவுற வரைக்கும் ஒருத்தன் பேரும் சொல்லல.
அந்த முடிஞ்ச தேதி மட்டும் வேண்டாமே?"
தேதிக்கு எட்டு எண்,
நூற்று நாற்பத்துநான்கு.
அதைவிட ஒரு மடங்கு கூடத் தருகிறேன் என்றார்,
எழுதாமல் இருப்பதற்கு.

"அந்த ஏழு பேரு யாரு யாரு?
புக்குல இருக்குமே."

புத்தகம் மேஜைமேல்தான் கிடந்தது.
என் முழங்கை அதன்மேல் இருந்தது.
"கரையான்" என்றேன்.

தென்தெருவுக்கு இன்றும் அதே குழாய்தான்.
வருடம் இரண்டு முறை
வீடு வீடாக வரி வாங்கப் போகிறேன்.
வெயிலுக்கு ஒரு செம்பு நீட்டுவார்கள்.
குடித்துவிட்டு ரசீது கிழிப்பேன்.

மார்கழிக் கடைசியில் கல் வந்து இறங்கியது.
மணலில் மல்லாத்திப் போட்டிருந்தார்கள்.
மாசானமுத்து, எட்டு எழுத்து,
த்-க்கு மேலே இலவசப் புள்ளி.
தேதி இருந்தது. பணத்தை மணியார்டரில் திருப்பிவிட்டேன்.

இப்போதைய தலைவர் ஜீப்பைவிட்டு இறங்கினார்.
தன் பெயரைத் தடவிப் பார்த்தார்.
பிறகு அதற்குக் கீழே
சாண் வைத்து அளந்தார்: மூன்றரைச் சாண், வெறும் கல்.
"இது எதுக்குவே இவ்வளவு எடம்?"

குற்றாலிங்கம் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு வாளித் தண்ணீரைக் கல்மேல் ஊற்றினார்.
பொடி கழுவிக்கொண்டு ஓடியது.
பெயர்கள் கறுத்துத் துலங்கின.
கீழே எழுதாத பக்கம்தான்
காய வெகுநேரம் ஆனது.