ஐம்பத்திரண்டு யூனிட்

மீட்டர் கணக்கெடுக்கிறவளுக்கு
நாய்கள்தான் கதவு எண்.
பச்சை கேட், பல்லைக் காட்டும் பொமரேனியன்.
மாடி வீடு, குரைக்காமல் வந்து கடிப்பது.
அயனாவரத்தில் எனக்கு நானூற்றுச் சொச்சம் வீடுகள்,
வலது கெண்டைக்காலில் இரண்டு தழும்புகள்.

தீபாவளி முடிந்து ஐந்தாவது வாரம்.
கொன்னூர் நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம்
டிரான்ஸ்பார்மர் அடியில், ஈரச் சிமெண்ட் சாக்கின் மேல்
என் கணக்கில் இல்லாத ஒரு நாய்.
வெளிர் பழுப்பு. கழுத்தைச் சுற்றி
பட்டை இருந்த இடத்தில் மயிர் தேய்ந்த வளையம்.

"மணி" என்றேன். "ஜிம்மி." "டைகர்."
"பிரவுனி, ராமு, பப்பி."
என் மகனைக் கொஞ்சும் பெயரையும் சொல்லிப் பார்த்தேன்,
யாரும் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு.
காதுகூட அசையவில்லை.
ரேஷன் கடை வரிசையில் கடைசி ஆள் மாதிரி
சாலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பஞ்சர் கடை அல்போன்ஸ் சொன்னான்:
"பட்டாசு ராத்திரி ஓடியாந்ததுக்கா.
பன்னு போட்டா தின்னும், தொட விடாது.
டயர் வெடிச்சா ரெண்டு நாளைக்கு ஆளக் காணோம்."

மறுநாள் சாலைக்கு அந்தப் பக்கம்.
பகல் பதினொன்றரை.
ஒரு வீட்டு வாசலில் குண்டு பல்பு எரிகிறது.
'நாய் ஜாக்கிரதை' பலகை.
கேட்டைத் திறந்து ஒரு காலை மட்டும் வைத்துக் காத்திருந்தேன்.
ஒன்றும் வரவில்லை.
மீட்டரைப் பார்த்தால்
போன தடவையைவிட ஐம்பத்திரண்டு யூனிட் கூடுதல்.

"சார், வாசல் லைட்டை அணைக்க மறந்துட்டீங்க."

ஷிப்டுக்குக் கிளம்பி நின்றவர், குலசேகரன்,
ஐ.சி.எஃப். வெல்டிங்.
"மறக்கலம்மா" என்றார்.
ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.
"இருட்டுல வந்தா வீடு தெரியணும்ல."

பகலில் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"பேரு என்ன சார்?"
"குலசேகரன்."
"நாய்க்கு."
மீட்டர் பெட்டியிடம் சொல்வதுபோல் சொன்னார்:
"சேமியா."
மகள் வைத்ததாம். அவள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லையாம்.
சேமியா, சேமியா என்று கத்திக்கொண்டு
ஏழு தெரு போயிருக்கிறார்.
ஒரு மாடியிலிருந்து கேட்டார்களாம்,
பாக்கெட் எவ்வளவு என்று.

அவர் ஸ்கூட்டரில் போனோம்.
பஞ்சர் கடைக்கு முன்பே வண்டியை நிறுத்திவிட்டார்.
"நீங்க கூப்பிடுங்க" என்றார்.
"நான் கூப்பிட்டு, அது வேற நாயா இருந்துட்டா..."

கூப்பிட்டேன்.
ஒரு காது திரும்பியது.
பிறகு தலை, என்னைத் தாண்டி.
ஓடியெல்லாம் வரவில்லை.
சேற்றில் நடந்து வந்து
அவர் இடது ஷூவை மோந்தது, வலது ஷூவை மோந்தது,
நான் அட்டை எண்ணையும் மீட்டர் எண்ணையும்
ஒத்துப் பார்ப்பதுபோல.
அவர் சீருடையோடு சாக்கில் உட்கார்ந்தார்.
பின்னால் தண்ணி லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.
அல்போன்ஸ் எழுந்து போய் டிரைவரைத் திட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக
சுவிட்சை அணைத்தார்.
அணைந்த பல்பை
அண்ணாந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.
என் காதில் அது குழாயடியில் தண்ணீர் நக்கும் சத்தம்.

"அடுத்த ஸ்லாபுக்குப் போயிருச்சு சார்" என்றேன்.
குறைத்து எழுத எனக்கு அதிகாரம் இல்லை.
"இருக்கட்டும்மா."

இரண்டு மாதம் கழித்து அதே கேட்.
தாழ்ப்பாளைத் தொடுவதற்குள் பாய்ந்து வந்தது,
கழுத்தில் புதுச் சிவப்புப் பட்டை.
"சேமியா, நான்தான்" என்றேன்.
இன்னும் சத்தமாகக் குரைத்தது.
"தெரிஞ்சவங்கடா" என்றார் உள்ளேயிருந்து குலசேகரன்.
அது அதை ஏற்கவில்லை.

வாசல் விளக்கு அணைந்திருந்தது.
மூன்றாவது தழும்புக்கு ஒரு சாண் தள்ளி நின்று
எட்டிப் பார்த்து
எண்ணை எழுதிக்கொண்டேன்.