மூன்றாவது உச்சி

ஐந்தே காலுக்குச்
சாலையோரச் சரளையில் காரை நிறுத்தியபோது
மழை இன்னும் முடிவெடுத்திருக்கவில்லை.
ஸ்ட்ருவன் பின்கதவைத் தூக்கிப் பிடித்தான்.
அதனடியில் முறைவைத்து
ஒற்றைக்காலில் நின்று
மழைக்கால்சட்டைக்குள் நுழைந்தோம்.
வானிலை அறிக்கையை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.
நால்வருக்கும் அது மனப்பாடம்.

இந்த மலைகளுக்கு
கேலிக்காரர்கள் நிறங்களையே பெயராக வைத்தார்கள்,
என்றாள் ரோனா.
கேலிக் பேசுகிறவர்களைச் சொல்கிறேன் என்று திருத்தினாள்,
ஆனால் முதலில் சொன்னதே பொருத்தம்.
முதலாவது சாம்பல், அடுத்தது மஞ்சள்,
மூன்றாவது புள்ளி போட்டது, கடைசி சிவப்பு.
எண்ணூறு மீட்டருக்கு மேலே
நான்குமே முதலாவதாக இருந்தன.

மேகத்துக்குள் போனபின்
மலை என்பது முன்னால் போகிறவரின் குதிகால்.

வாரிதான் எங்கள் எண்ணிக்கைக்காரி.
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிப் பழகிய வாய்.
நூறு இரட்டையடிக்கு ஒரு கூழாங்கல்
இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும்.
அவள் உதடு அசைகிறவரை
நாங்கள் தொலையவில்லை என்று அர்த்தம்.
சாக்லேட் வேண்டுமா என்று ஸ்ட்ருவன் கேட்டான்.
அறுபத்து நான்கு, என்றாள்.

மஞ்சளின் தோளில்
காற்று என் இடக்கை உறையை உருவிக்கொண்டு
பள்ளத்தாக்குக்குள் போய்விட்டது.
ரோனா தன் மாற்றுக் காலுறையைத் தந்தாள்.
மீதி நாள் முழுக்க எனக்கு மூன்று கால்கள்.
ஸ்ட்ருவனும் நானும்
பிப்ரவரியிலிருந்து சரியாகப் பேசிக்கொள்வதில்லை.
ஒரு கடன். அது தீர்ந்தும்விட்டது.
அந்தக் காற்றில் எப்படியும் பேச முடியாது;
வசதியாக இருந்தது.

பாறையென்று நான் மிதிக்கப்போனது
கரகரத்துக்கொண்டு பறந்தது,
பாதி வெள்ளை, பாதி பழுப்பு.
புள்ளி போட்டதாக அன்று பார்த்தது
அந்த ஒரு பறவையைத்தான்.

மூன்றாவது உச்சியில் கல்குவியல்.
கைகுலுக்கினோம்.
பாலாடைக்கட்டி ரொட்டி
கஞ்சியாகியிருந்தது; குடித்தோம் என்றே சொல்லலாம்.
தேநீர்க் குவளை இரண்டாவது சுற்று வரும்போது
மேகம் கிழிந்தது.
ஒரு வாய் மென்று விழுங்கும் நேரம்.
இருநூறு அடி தள்ளி, எங்களைவிடக் கொஞ்சம் உயரத்தில்,
இன்னொரு கல்குவியல்.
பெரியது.
மறுபடி மூடிக்கொண்டது.

யாரும் எதுவும் பார்க்கவில்லை, என்றான் ஸ்ட்ருவன்.
ஆமாம், என்றேன்.
ஐந்து மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.
ரோனா குவளையைக் கவிழ்த்து உதறினாள்.
உயரம் என்பதே கடல்மட்டத்தின் வதந்தி,
அதைப் போய் யார் கேட்பது என்றாள்.

வாரி மூட்டையை இறக்கி வைத்தாள்.
கூழாங்கற்களை என் கையில், காலுறைக்குள், கொட்டினாள்.
எண்ணாமல் நடந்து
வெள்ளைக்குள் போய்விட்டாள்.
நாங்கள் மூவரும்
ஊதலை எடுத்து மாற்றி மாற்றி ஊதினோம்.
அவள் பெயரைக் கத்தினோம்.
காற்று அதைத் திருப்பி எங்கள் வாய்க்குள்ளேயே திணித்தது.

பத்து நிமிடம். பன்னிரண்டும் இருக்கலாம்.
வந்தாள். மூக்கில் நீர் சொட்ட.
என்ன இருந்தது?
கல்.
பிறகு மூட்டையை மாட்டிக்கொண்டு,
கையை நீட்டிக்
கூழாங்கற்களைத் திருப்பிக் கேட்டாள்.

நான்காவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
ஏறினோம்.

காலையில் கணுக்காலளவு இருந்த ஓடை
மாலையில் கருந்தேயிலை நிறத்தில் உறுமிக்கொண்டிருந்தது.
பாலம் மூன்று மைல் கீழே.
சேற்றில் முழங்கால்வரை இறங்கிய என்னை
மூட்டையின் கைப்பிடியில் பிடித்துத் தூக்கி
மறுபடி நட்டான் ஸ்ட்ருவன்.
கனமாகிவிட்டாய், என்றான்.
நனைந்திருக்கிறேன், என்றேன்.
அவ்வளவுதான் பேசினோம். போதும்.

காருக்குள் சூடு வர வர
எங்களிடமிருந்து ஆவி எழுந்தது,
நான்கு ஈர நாய்களின் வாசனை.
மூடுபனி ஏறிய கண்ணாடியில்
ரோனா விரலால் கோடு இழுத்தாள்.
ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நான்கு முறை.
அன்று நாங்கள் முழுசாகப் பார்த்த மலைத்தொடர் அதுதான்.
வாரி தூங்கியிருந்தாள்.
ஸ்ட்ருவன் கோட்டை உற்றுப் பார்த்துவிட்டு,
விரலை நீட்டி,
மூன்றாவது முனையைத் துடைத்து
கொஞ்சம் தள்ளி வரைந்தான்.